கையில் தொழில் இருக்கிறது, காகிதம் எங்கே?

ஆரணி பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு டீக்கடை. காலை ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார் அந்த எலக்ட்ரீஷியன். வெளியே நிறுத்தியிருந்த மொபெட்டில் கருவிப்பை தொங்கியது. டிரில்லிங் மிஷின், கட்டிங் பிளேயர், டெஸ்டர், சுருட்டி வைத்த ஒயர் என்று எல்லாம் அதில் இருந்தன. அன்றைக்குப் போக வேண்டிய இடம் மட்டும் இல்லை. மூன்று வாரமாகக் கொத்தனாரிடமிருந்து போன் வரவில்லை.

“வேலை தெரியாதவன்னா பரவால்ல தோழர். இருபது வருசமா இதே வேலைதான். கூப்பிடத்தான் ஆளு இல்ல” என்றார்.

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வயது முப்பத்தெட்டு. ஆரணியை ஒட்டிய ஒரு கிராமத்தின் காலனியைச் சேர்ந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, ஒரு எலக்ட்ரீஷியனிடம் கையாளாகச் சேர்ந்து, சுவரில் காடி வெட்டுவதில் தொடங்கித் தொழிலைக் கற்றார். இன்றைக்கு ஒரு மாடி வீட்டின் ஒயரிங்கை ஒற்றை ஆளாக முடித்துக் கொடுப்பார். அவர் போட்ட சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும். ஆனால் அவர் ஓர் எலக்ட்ரீஷியன் என்று சொல்வதற்கு அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நம் தெருக்களில் இவரைப் போன்ற தம்பிகள் ஏராளம். தொழில் மந்தமாகும்போது முதலில் கை ஓய்வது இவர்களுக்குத்தான். அது ஏன், அதிலிருந்து எப்படி மீள்வது என்பதைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன்.

தறி நின்றால் டிரில்லும் நிற்கும்

கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணிக்கு இரண்டு பிழைப்பு. ஒன்று பட்டு. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டுக்கு ஆரணியில் மட்டுமல்ல, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் தறிகள் உண்டு. மற்றொன்று அரிசி. ஆரணி, களம்பூர் ஆலைகளின் மூட்டைகள் வெளியூர்க் கடைகளில் அடுக்கப்பட்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

சேலை விற்றால் நெசவாளர் கூரையைப் பிரித்துத் தளம் போடுவார். ஆலை ஓடினால் அங்கே வேலை பார்ப்பவர் கூடுதலாக ஓர் அறை எழுப்புவார். அப்போதுதான் எலக்ட்ரீஷியனுக்குப் பாயிண்ட் கணக்கில் வேலை வரும். இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் கடைசியில் நிற்கும் இவருடைய அடுப்பில்தான் அது தெரியும்.

கடந்த பத்தாண்டுகளில் அந்தச் சங்கிலி பலமுறை அறுந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ரொக்கத்தில் நடந்த கூலித் தொழில்கள் அப்படியே நின்றன. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கல்யாணங்கள் சுருங்கின. கல்யாணம் சுருங்கினால் பட்டுச் சேலைக்கு என்ன வேலை? அடுத்து 2021-22ல் கச்சாப் பட்டு விலை ஏறியது. 2022 ஜூலை 18 முதல் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கும் 5 சதவீத வரி விதிக்கப்பட்டது. வரிக்குத் தப்ப ஆலைகள் 26 கிலோ பை போட்ட கதை உங்களுக்குத் தெரியும். ஆலைக்காரர் ஒரு கிலோவைக் கூட்டித் தப்பித்துக்கொண்டார். எலக்ட்ரீஷியனுக்கு அப்படித் தப்பிக்க எந்தப் பை இருந்தது?

அவருடைய வருமானத்தில் பெரும்பகுதி புதுவீட்டு ஒயரிங்கிலிருந்தே வந்தது. அந்த வேலையையும் கொடுத்தவர்கள் இரண்டு மூன்று கொத்தனார்கள். ஒரே வகை வேலை, ஒரே வகை ஆள், அதுவும் ஆடியும் மார்கழியும் போக மீதி மாதங்களில் மட்டும். மழை ஒரு பக்கம் பொய்த்தாலும் இன்னொரு பக்கம் கைகொடுக்கட்டும் என்றுதான் உழவர்கள் கொல்லையில் நிலக்கடலையோடு துவரையும் ஊடுபயிராகப் போடுகிறார்கள். தொழிலுக்கும் அந்தக் கணக்கு வேண்டும்.

சாதி இல்லாத தொழிலில் சாதி

மின்சாரத் தொழிலுக்கு ஒரு பெருமை உண்டு. இது எந்தச் சாதியின் குலத்தொழிலும் இல்லை. பறையடிப்பதையும் பிணம் எரிப்பதையும் நம்மீது சுமத்தியதுபோல் ஒயரிங்கை யாரும் யார்மீதும் சுமத்தவில்லை. யார் கற்றுக்கொள்கிறாரோ அவருடைய தொழில் அது. அதனால்தான் நம் பிள்ளைகள் விரும்பி வந்தார்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் நாம் இதை நம் தொழில் என்று சொல்லலாம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில்தான் மின்சாரமும் இருந்தது. போருக்குப் பிந்தைய மின்சார வளர்ச்சி பற்றி 1943 அக்டோபரில் நடந்த கொள்கைக் குழுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அவர், மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்காமல் தொழில்மயம் நடக்காது, தொழில்மயம் நடக்காமல் வறுமை தீராது என்று வாதிட்டார். அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசும் நாம், அவர் மின்சாரத்துக்காகப் பேசியதைப் பிள்ளைகளிடம் சொல்ல மறந்துவிடுகிறோம்.

ஆனாலும் தொழிலுக்குள் இல்லாத சாதி, வாசலில் வந்து நிற்கிறது. புது இடத்துக்கு வேலைக்குப் போனால் முதல் கேள்வி கூலி பற்றியதல்ல, “எந்தத் தெரு?” என்பதுதான் என்றார் நம் எலக்ட்ரீஷியன். தெருப் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். பிறகு, சமையலறைக்கும் பூஜை அறைக்கும் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்பார்கள். “கூடத்துல நான் போட்ட ஒயருலதான தோழர் பூஜ ரூமுக்கும் கரண்ட்டு போவுது?” என்று சிரித்தார். சிரிப்பு கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. பாக்கிக் கூலியைக் கேட்கப் போனால் வாசலிலேயே நிறுத்தி, அடுத்த வாரம் வா என்று அனுப்புகிறார்கள். அழுத்திக் கேட்டால் அடுத்த வேலை போய்விடும்.

காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டப்பேரவையில் முதல்வர் அறிவித்தார். வரவேற்போம். அந்தச் சொல் ஆவணத்திலிருந்து போனாலும், “எந்தத் தெரு?” என்ற கேள்வி வாயிலிருந்து போக இன்னும் காலம் ஆகும். அதுவரைக்கும், ஒருவர் தெருவைக் கேட்டு வேலையைக் கொடுக்கும் நிலையிலிருந்து, திறமையையும் சான்றிதழையும் பார்த்து வேலையைக் கொடுக்கும் நிலைக்கு நம் பிள்ளைகள் நகர வேண்டும். தொழிலை விரிப்பது அதற்கு ஒரு வழி.

மின்வெட்டு சொல்லித் தந்த பாடம்

இதற்கு முன்னும் ஒருமுறை இந்தத் தொழில் விரிந்தது. 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகம் மின்வெட்டில் தவித்தது. 2012ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. ஆலை நின்றது, பம்புசெட் நின்றது, பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். அதே நாட்களில் இன்வெர்ட்டர் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது.

அந்த நேரத்தில் முன்னேறியவர்கள் யார்? பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் முன்பணம் போட்டு வாங்கி வைக்க முடிந்தவர்கள். நம் எலக்ட்ரீஷியனும் நிறைய இன்வெர்ட்டர்களுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் விற்ற சரக்குக்கு இவர் கூலி மட்டும் வாங்கினார். நெருக்கடி யாருக்கு வாய்ப்பாகிறது என்பதைத் திறமை மட்டும் முடிவு செய்வதில்லை. முதலும் காகிதமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அடுத்த அலை வரும்போது நாம் கூலியாளாக நிற்கப் போகிறோமா, தொழில்முனைவோராக நிற்கப் போகிறோமா?

எந்தப் பக்கம் விரிப்பது?

மந்தகாலத்தில் மக்கள் புதிது வாங்க மாட்டார்கள். இருப்பதைப் பழுது பார்ப்பார்கள். முதல் வழி அதுதான். 2011ல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் கிடைத்த பொருட்கள் இன்றைக்கும் பல வீடுகளின் பரணில் தூங்குகின்றன. பல விசிறிகளுக்குக் கன்டென்சர் மாற்றினால் போதும், சிலவற்றுக்குப் பேரிங். மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ். கொஞ்சம் முதல் போட்டால் மோட்டார் காயில் கட்டும் வேலையும் செய்யலாம். நம் பகுதியில் கிணறும் போர்வெல்லும் நிறைய. மின்னழுத்தம் குறைந்தால் பம்புசெட் காயில் கருகும். வெயில் காலத்தில் பயிர் வாடும்போது விவசாயி ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டார். அந்த வேலைக்கு மந்தம் கிடையாது.

இரண்டாவது, பாதுகாப்பு வேலை. இதற்கு முதல் அதிகம் தேவையில்லை, அறிவுதான் தேவை. பல வீடுகளில் எம்சிபி இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். எம்சிபி, அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் துண்டிக்கும். அது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு இந்தக் கசிவுப் பாதுகாப்பு வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளே சொல்கின்றன. நம் தொகுப்பு வீடுகளைப் பாருங்கள். தளம் ஒழுகுகிறது, சுவர் ஊறுகிறது, எர்த் கம்பி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் பற்றிய செய்தியைப் படிக்கிறோம். ஒரு மெக்கர் கருவியை வைத்துக்கொண்டு வீடுவீடாக ஒயரிங்கைச் சோதித்து, எர்த்தைச் சரிசெய்து, ஆர்சிசிபி பொருத்திக் கொடுக்கும் எலக்ட்ரீஷியன் தன் பிழைப்பையும் பார்க்கிறார், தன் தெருவின் உயிரையும் பார்க்கிறார்.

மூன்றாவது, தறியும் ஆலையும். பட்டுத் தறியில் உட்காருபவருக்கு வெளிச்சம் உயிர். ஜரிகை இழையைக் கண்ணால் எண்ண வேண்டும். நிழல் விழாத இடத்தில் எல்இடி விளக்கு அமைப்பது, நூல் சுற்றும் சிறு மோட்டாரைப் பராமரிப்பது, மோட்டார் பொருத்திய ஜக்கார்டைப் பழுது பார்ப்பது எல்லாம் உள்ளூர் ஆளுக்கான வேலை. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023 மார்ச் முதல் 300 யூனிட் ஆனது. அந்த அளவுக்குள் தறியும் வீடும் ஓட வேண்டும் என்றால் சிக்கனமான சாதனம் வேண்டும். சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி விசிறி 28 வாட்டில் ஓடும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் முன்னது 54 யூனிட், பின்னது 20 யூனிட். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டத் தெரிந்த எலக்ட்ரீஷியனை மக்கள் நம்புவார்கள். அரிசி ஆலைகளில் மோட்டார், கெப்பாசிட்டர், பேனல் போர்டு பராமரிப்பை ஆண்டு ஒப்பந்தமாக எடுத்தால் மாதாமாதம் ஒரு தொகை உறுதி.

நான்காவது, சூரிய மின்சாரம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் பலகை நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். உள்ளதைச் சொல்ல வேண்டும்: இந்தத் திட்டம் நம் தெருவுக்கு எளிதில் வராது. சொந்தமாக உறுதியான தளம் வேண்டும், முதலில் கையிலிருந்தோ கடனாகவோ பணம் போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதற்குள்ளேயே குடும்பம் நடத்துபவருக்கு இதில் பெரிய லாபமும் இல்லை. வேலை ஊர்த் தெருவிலும் நகரத்திலும்தான் இருக்கும். பலகை பொருத்துவது பதிவு பெற்ற நிறுவனங்களின் உரிமை. ஆனால் அவர்களுக்கும் கம்பி இழுக்க, இன்வெர்ட்டர் பொருத்த, பின்னாளில் பழுது பார்க்க உள்ளூர் ஆள் தேவை. நேர்மின்சாரம் வேறு மாதிரி ஆபத்தானது. முறையாகக் கற்காமல் கை வைக்கக் கூடாது. ஐடிஐ முடித்தவர்களுக்கு மத்திய அரசின் ‘சூர்யமித்ரா’ என்ற இலவசப் பயிற்சி இருக்கிறது.

சிசிடிவி கேமரா, இன்வெர்ட்டர் பராமரிப்பு, மின்சார ஸ்கூட்டருக்கான சார்ஜிங் இணைப்பு என்று பட்டியல் இன்னும் நீளும். எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்ய நினைத்தால் எதுவும் உருப்படாது. ஏற்கெனவே தெரிந்த ஒயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்று வருடம் முழுக்கச் சோறு போடுவதாக இருக்கட்டும். மற்றொன்று நாளைக்கு வளரக்கூடியதாக இருக்கட்டும். நம் எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொன்னபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, “பம்புசெட் காயிலும் எர்த் வேலையும் எடுத்துக்கறேன் தோழர்” என்றார்.

உரிமமும் உரிமையும்

இங்கேதான் காகிதத்தின் கதை வருகிறது. ஆலையில் ஆண்டு ஒப்பந்தம் கேட்டால் உரிமம் எங்கே என்பார்கள். வங்கியில் கடன் கேட்டால் சான்றிதழ் எங்கே என்பார்கள். தமிழில் உரிமமும் உரிமையும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். நம் பிள்ளைகள் வேலையைக் கற்றதோடு நின்றுவிட்டதால் உரிமையும் பாதியில் நிற்கிறது.

ஐடிஐ படிக்காதவருக்கும் வழி இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை நடத்துகிறது. மின் ஒயரிங் வேலையில் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உச்ச வயது வரம்பு இல்லை. பேச்சு வழக்கில் ‘எச் லைசென்ஸ்’ என்பது இதுதான். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், ஒயர்மேன் பிரிவு முடித்தவர்கள் முன்னேறிப் ‘பி லைசென்ஸ்’ என்னும் மின்கம்பியாளர் தகுதிச் சான்றிதழுக்குப் போகலாம். தொடர்ந்து ஒப்பந்ததாரர் உரிமம் வரை வழி இருக்கிறது. உரிமம் வழங்குவது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம்.

இந்தப் பத்தியைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு முடித்தால் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு ஆண்டு. எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கு ஒயர்மேன் பிரிவு உண்டு. அரசுப் பள்ளியில் படித்து ஐடிஐ சேரும் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ‘ஐடிஐயா?’ என்று முகம் சுளிக்காதீர்கள். வேலையில்லாத பட்டத்தை விட வேலையுள்ள கைத்தொழில் குறைந்ததல்ல. பெண் பிள்ளைகளும் வரட்டும். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும்போது பழுது பார்க்க ஒரு பெண் எலக்ட்ரீஷியன் வருவாரா என்று கேட்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

காகிதம் இல்லாததற்குச் சில நேரம் உயிரே விலையாகிவிடும். இரவில் டிரான்ஸ்பார்மர் பியூஸ் போனால், லைன்மேன் வரும்வரை பொறுக்காமல், “காலனிப் பையன் ஒருத்தன் இருக்கானே, கூப்பிடு” என்பார்கள். மற்ற நாளில் வீட்டுக்குள் வரக் கூடாதவர், அன்றைக்கு மட்டும் கம்பத்தில் ஏறலாம். மின்கம்பமும் டிரான்ஸ்பார்மரும் மின்வாரிய ஊழியரின் வேலை. வெளியாள் ஏறுவதற்கு அதிகாரம் இல்லை. ஏறி விழுந்தால் பணியாளர் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், குடும்பம் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். தம்பிகளே, யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். ஊருக்கு நல்ல பிள்ளை என்ற பெயருக்காக உங்கள் பிள்ளைகளை அநாதை ஆக்காதீர்கள்.

முதலுக்கு எங்கே போவது?

2023 செப்டம்பர் 17 மத்திய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. கருவி வாங்க 15,000 ரூபாய் உதவி, குறைந்த வட்டியில் கடன் என்றார்கள். அதில் இருக்கும் 18 தொழில்களில் தச்சர், கொல்லர், குயவர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துபவர், செருப்புத் தைப்பவர் உண்டு, எலக்ட்ரீஷியன் இல்லை. அப்பன் தொழிலைச் செய்தால் உதவி, சாதியைத் தாண்டிய தொழிலைக் கற்றால் உதவி இல்லை என்பதாகவே அந்தப் பட்டியல் நமக்குப் படுகிறது. இதைக் குலத்தொழில் ஊக்குவிப்பு என்று சொல்லித் தமிழக அரசும் ஏற்கவில்லை.

நமக்கென்று வேறு கதவுகள் உள்ளன. தாட்கோ வழியாக நடக்கும் முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூகப் பொருளாதாரத் தொழில்முனைவுத் திட்டத்தில் திட்டத் தொகையில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. கடனை ஒழுங்காகக் கட்டினால் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. காயில் கட்டும் பட்டறை வைக்க இது போதும். இன்னும் பெரிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம். அதில் 35 சதவீத மானியத்துக்கு உச்ச வரம்பு 1.5 கோடி ரூபாய்.

நம் எலக்ட்ரீஷியன் ஒரு வங்கிக் கிளைக்குப் போனபோது, சொத்து ஜாமீன் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்களாம். குறு, சிறு தொழில்களுக்குக் குறிப்பிட்ட தொகை வரையிலான கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. இனி மறுத்தால், மறுப்பை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். வாயால் மறுப்பவர்கள் பலர் பேனாவை எடுக்கத் தயங்குவார்கள்.

சின்னச் சின்னக் காகிதங்களும் முக்கியம். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். பணம் கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து, தவறாமல் புதுப்பியுங்கள். விபத்து, பிள்ளைகளின் படிப்பு, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று அது கைகொடுக்கும். வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுதிக் கொடுத்து முன்பணம் வாங்குங்கள். ரசீதுப் புத்தகம் ஒன்று அடித்து வையுங்கள். பாக்கிக் கூலி கேட்கும்போது, கெஞ்சுகிற வாயை விட ரசீது உரக்கப் பேசும்.

தலித் என்பதற்காகவே வேலையோ வியாபாரமோ மறுத்து ஒதுக்கிவைத்தால் அதற்கும் சட்டம் இருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ல் செய்த திருத்தம், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது. ஒருவருடன் தொழில் உறவு கொள்ள மறுப்பதும், மற்றவர்களுக்குள்ள வழக்கமான நிபந்தனைகளை அவருக்கு மட்டும் மறுப்பதும் பொருளாதாரப் புறக்கணிப்பு என்று சட்டம் விளக்குகிறது. இதை நிரூபிப்பது எளிதல்ல என்பது களத்தில் நிற்கும் எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதப்பட்ட மதிப்பீடும், ரசீதும், உரிமமும் கையில் இருப்பவரின் வழக்கு வேறு. வாய்வார்த்தையை மட்டும் நம்பியவரின் வழக்கு வேறு.

தங்கவயலை மறக்க வேண்டாம்

பேச்சு முடியும் நேரத்தில், பெங்களூருக்கே போய்விடலாமா என்று பார்க்கிறேன் என்றார். புதிய யோசனை ஒன்றும் இல்லை. அவருடைய பாட்டனின் அப்பா கோலார் தங்கவயலுக்குப் போனவர். பழைய வட ஆற்காடு மாவட்டத்துச் சேரிகளில் விசாரித்தால் பல குடும்பங்களில் இப்படி ஒருவர் இருப்பார். பண்ணையாரின் பிடியிலிருந்து தப்பிப் போனவர்கள் அவர்கள். 1902ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுபோனதும் அந்தத் தங்கவயலுக்குத்தான். நாட்டின் பெரும்பகுதி மின்விளக்கைப் பார்க்காத காலத்தில், நம் மூதாதையர் உழைத்த சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது.

அங்கே அவர்கள் சாதிக் கொடுமை குறைந்த வாழ்க்கையைக் கண்டார்கள். பள்ளி கண்டார்கள், பௌத்தம் கண்டார்கள், சங்கம் கண்டார்கள். ஆனால் ஊர் முழுவதும் ஒரே சுரங்கத்தை நம்பியிருந்தது. 2001 பிப்ரவரி 28 சுரங்கத்தை மூடினார்கள். அதன்பிறகு அங்குள்ளவர்கள் விடியலுக்கு முன்பே ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஒரே ஒரு பிழைப்பை நம்பியதன் விலை அது.

“போகணும்னா போங்க தம்பி. ஆனா கையில லைசென்ஸோட போங்க. இல்லைன்னா அங்கயும் இதே டீக்கடைதான்” என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ் வீட்டில் எந்தப் பெட்டியில் இருக்கும் என்று மனைவிக்குப் போன் போட்டார். அனுபவச் சான்றிதழுக்கு யாரிடம் கையெழுத்து வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் யாரிடமெல்லாம் வேலை செய்தாரோ, அவர்களின் பட்டியலை ஒரு பழைய ஒயர் டப்பாவின் அட்டையில் எழுதினோம். நான்கு பெயர் வந்தது. அவருடைய தெருவில் இதே வேலை செய்யும் இன்னும் மூன்று பேரையும் சேர்த்து விண்ணப்பிக்கச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். நால்வரும் சேர்ந்தால் ஒரு மெக்கரும் ஒரு காயில் மிஷினும் பொதுவில் வாங்கலாம் என்பதும் அவருடைய யோசனைதான்.

உங்கள் தெருவிலும் இப்படி நான்கு பேர் இருப்பார்கள். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவர்களிடம் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். விண்ணப்பம் எழுத மாணவர்கள் உதவுங்கள். ஊருக்கெல்லாம் விளக்கேற்றுகிறவருடைய வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அதற்கு முதல் வேலை, அந்தக் காகிதத்தை வாங்குவது.